துணியும் தோலும் தசையும்

கிருஷ்ணகிரியிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் சூளகிரியை நெருங்க நெருங்க, பாரமகால் என்று பழைய தஸ்தாவேஜுகள் வழங்கும் தாழ்ந்த சீமை பின்தங்கி, பாலாகாட் எனப்பட்ட மேட்டுச் சீமை, அதாவது மைசூர்ப் பீடபூமியின் தமிழகத்து விளிம்பு, தொடங்குகிறது. கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் அமைந்த ஓசூரின் குளிர் கீழ்நாட்டார் அறியாத குளிர். மார்கழி, தை மாதங்களில் விடியுமுன் வயலுக்குப் புறப்படுகிற உழவன், இடுப்பில் ஒரு வேட்டியும் தோளில் ஒரு துண்டும் போதும் என்று அங்கே இருந்துவிட முடியாது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஆடு மேய்த்து வாழ்ந்த குறும்பர்கள், ஆட்டு மயிரை நூற்றுக் குறுகிய தறியில் நெய்த கம்பளித் துண்டுகளை, ஒன்றின் அகலம் உடம்பை மூடப் போதாமையால், நீளவாட்டில் மூட்டித் தைத்தே போர்வையாக்கினார்கள். நெய்த துணியை அப்படியே சுற்றிக்கொள்வதுதான் நம் நாட்டு வழக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிற கூற்றுக்கு, அந்தக் கம்பளியின் நடுவே ஓடும் தையல் ஒரு சிறு மறுப்பாகவே இருந்து வந்திருக்கிறது.

இந்தச் சீமையின் சரித்திரத்தை அரசர் பெயர்களாலும் கோட்டை முற்றுகைகளாலும் எழுதியவர்கள் பலர். அதை ஊசியின் வழியாகவும் எழுதலாம் என்பது என் எண்ணம். துணியைத் தைத்தவன், தோலைத் தைத்தவன், மனித உடலின் காயத்தைத் தைத்தவன் ஆகிய மூவரும் ஒரே வித்தையை மூன்று வேறு பொருள்களின்மேல் பிரயோகித்தவர்களே. வித்தை ஒன்றாயிருந்தும், முதலாமவனைத் திண்ணையிலும், இரண்டாமவனை ஊருக்கு வெளியிலும், மூன்றாமவனை மரியாதைக்குரிய ஆசனத்திலும் சமூகம் அமர்த்தியது என்பதும், அந்த ஏற்றத்தாழ்வுக்கு அந்த வித்தையினுள்ளே எந்த நியாயமும் கிடையாது என்பதும், ஊசியைப் பின்தொடர்ந்து செல்பவருக்குத் தாமே விளங்கும்.

பழந்தமிழர் தைத்த உடையை அறியாதவர்கள் என்ற அபிப்பிராயம் நம் நூல்களோடு பொருந்துவதன்று. பாசறையில் காவல் புரிந்த யவனர் சட்டை அணிந்திருந்ததை முல்லைப்பாட்டு கூறுகிறது. அவர்கள் அந்நியர் அல்லரோ என்று தள்ளிவிடலாம் என்றாலும், புகார் நகரத்துக் கைவினைஞர்களை வரிசையாக எண்ணிச் செல்லும் இளங்கோவடிகள், துணி தைப்போரையும் தோல் தைப்போரையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்லியிருப்பதை அவ்வாறு தள்ளிவிட இயலாது. இருவருக்கும் ஒரே தொழிற்பெயரை அளித்து, தோலைத் தைப்பவனுக்குத் தோல் என்ற அடையை மட்டும் சேர்த்திருக்கிறார் அவர். பிற்காலச் சமூகம் அவ்விருவருக்குமிடையே எழுப்பிய சுவரை அந்த வரிசையில் காண முடியவில்லை.

மூன்றாமவனாகிய காயம் தைப்போனையும் சங்க இலக்கியம் அறிந்திருக்கிறது. பதிற்றுப்பத்தில் சேரன் செங்குட்டுவனைப் பாடிய பரணர், போரில் பட்ட நீண்ட புண்ணில் வெள்ளூசி புகுந்து வெளிவருவதை, மீனுக்காகக் குளத்தில் பாய்ந்து எழும் சிரற்பறவையோடு ஒப்பிடுகிறார். இவ்வுவமையைக் கவிஞரின் வெறும் கற்பனை என்று நான் கருதவில்லை. குருதி நிறைந்த புண்ணுக்குள் மறைந்து மறுகரையில் ஈரத்தோடு எழும் ஊசியை, அதுவும் கைத்தேர்ந்த ஒருவன் விரைந்து செலுத்தும் ஊசியை, அருகிலிருந்து நோக்கிய கண்ணுக்கன்றி அப்பறவை நினைவுக்கு வருவது அரிது. நிரை கவர்தலும் நிரை மீட்டலும் ஓயாது நிகழ்ந்த தகடூர் நாட்டில், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், உடலில் அம்பு தைத்து நிற்கும் வீரர்களின் உருவம் பொறித்த நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. நடுகல் இறந்தவனுக்கு உரியது. ஊசி பிழைத்தவனுக்கு உரியது. பிழைத்தவர்களுக்கு யாரும் கல் நாட்டாமையால், அவர்களைப் பிழைப்பித்த கைகளைப்பற்றி அக்கற்களிலிருந்து நாம் அறிய வழியில்லை.

வடமொழியில் சுசுருத சம்ஹிதை இவ்விஷயத்தில் ஆச்சரியமான நுட்பத்தோடு பேசுகிறது. தையலை நால்வகையாகப் பிரித்து வேல்லிதகம், கோபணிகை, துன்னசேவனி, ருஜுக்ரந்தி என்று பெயரிடுகிற அந்நூல், நூலிழைக்குச் சணல், மரப்பட்டை நார், சீந்திற்கொடி நார், மயிர் ஆகியவற்றைக் கூறி, உறுப்புக்குத் தக்கபடி நேரூசியும் வளைந்த ஊசியும் வேண்டும் என்று விதிக்கிறது. புண்ணின் விளிம்பிலிருந்து மிகத் தள்ளித் தைத்தால் வலி மிகும், மிக நெருங்கித் தைத்தால் விளிம்பு கிழியும் என்று எச்சரிக்கிறது. தூசியும் மயிரும் எலும்புச் சிதறலும் உள்ளே இருக்கத் தைத்தால் புண் பழுக்கும் ஆதலின் முதலில் சோதித்துச் சுத்தி செய்க என்கிறது. குடல் கிழிந்தால் அதன் விளிம்புகளைச் சேர்த்துக் கட்டெறும்புகளைக் கடிக்கவிட்டு, உடலைத் துண்டித்துத் தலையை மட்டும் அங்கேயே விட்டுவிடுக என்ற விதியும் அதில் உண்டு. உடலுக்குள் தானே கரைந்துபோகும் தையலை நாடிய முதல் முயற்சிகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

இவை யாவற்றினும் நம் விஷயத்திற்கு முக்கியமானது, மாணாக்கனின் பயிற்சியைப்பற்றி அந்நூல் கூறும் அத்தியாயம். அறுத்தலைப் பூசணி, சுரை முதலிய காய்களில் பழகவேண்டும். தைத்தலை எவற்றில் பழகுவது என்றால், மெல்லியதும் தடித்ததுமான துணிகளின் ஓரங்களிலும், மென்தோலின் ஓரங்களிலும் என்று அது விடை கூறுகிறது. அதாவது, வைத்தியன் ஆவதற்கு முன் ஒருவன் சிறிது காலம் தையற்காரனாகவும் சக்கிலியனாகவும் இருந்தாக வேண்டும் என்பது சாஸ்திர விதி. அந்த விதியை மேற்கோள் காட்டிப் பெருமைப்பட்டவர்கள் அதன் உட்பொருளை எண்ணிப் பார்த்திருந்தால், செருப்புத் தைப்பவனின் நிழலுக்கு விலகியிருக்கமாட்டார்கள்.

சாஸ்திரம் ஏட்டில் இருக்க, வித்தை எங்கே இருந்தது என்ற கேள்விக்கு, இச்சீமையைக் கடந்து சென்ற ஒரு யுத்தம் எதிர்பாராத விடையொன்றை விட்டுச் சென்றது. மூன்றாம் மைசூர் யுத்தத்தில் கார்ன்வாலிஸ் பிரபுவின் சேனை, கர்நாடகம் என்று அக்காலத்தில் வழங்கிய கீழைச் சமவெளிக்கும் மைசூருக்கும் இடைப்பட்ட கணவாய்களைத் தன் வசமாக்கிக்கொள்ள விரும்பி, 1791 ஜூலையில் ஓசூர்க் கோட்டையைக் கைப்பற்றியது. அதே ஆண்டு நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரியைத் தாக்கிப் பேட்டையைப் பிடித்தும், மலைமேற்கோட்டையை ஏறமாட்டாமல் திரும்பியது. அக்காலத்துச் சேனை என்பது சிப்பாய்களைவிட எருதுகளால் ஆனது. தானியமும் குண்டும் மருந்தும் சுமந்த பொதியெருதுகள் பல்லாயிரம். அவற்றை ஓட்டியவர்களும், பொதிக்கோணிகளையும் சேணங்களையும் கிழியக் கிழியத் தைத்தவர்களும் எத்தனையோ பேர். அவ்வாறு ஆங்கிலப் படையில் எருது ஓட்டிய மராட்டியன் ஒருவன், காவஸ்ஜி என்பவன், மைசூர் சுல்தான் திப்புவின் ஆட்களிடம் அகப்பட்டு மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டான்.

சுமார் ஓராண்டு மூக்கின்றி வாழ்ந்த அவனுக்குப் புனேயை அடுத்த ஊரில் செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு அமைத்துக் கொடுத்தார். மெழுகினால் மூக்கின் வடிவைச் செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியின்மேல் வைத்துக் கோடிட்டு, அந்த அளவுக்கு நெற்றித் தோலை உரித்து, கண்களுக்கிடையே ஒரு சிறு காம்பு மட்டும் அறாமல் விட்டு, தோலைத் திருப்பிக் கீழிறக்கி மூக்கிருந்த இடத்தில் பொருத்தினார். இரண்டு ஆங்கில வைத்தியர்கள் இதை நேரில் கண்டனர். 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மன்ஸ் மாகசின்’ பத்திரிகையில் படத்தோடு வெளியான இவ்வரலாற்றைப் படித்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில ரணவைத்தியர், 1814இல் அதே முறையைக் கையாண்டு வெற்றி பெற்றார். ஐரோப்பாவில் உருவமைப்புச் சிகிச்சை புத்துயிர் பெற்றது அதன் பிறகுதான்.

இந்தக் கதையைச் சுசுருதரின் புகழுக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். நான் சொல்வது வேறொரு காரணத்திற்காக. புனேயில் நடந்த அந்தச் சிகிச்சையில் தையலே போடப்படவில்லை. தோலின் விளிம்பைச் சுற்றிலும் கீறிய பள்ளத்தில் செருகி, காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணிக்கீற்றுகளில் தடவி, ஐந்தாறு கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நான்கு நாள் அப்படியே விட்டார் அந்தச் செங்கற்காரர். நால்வகைத் தையலை வகுத்த நூல் பிறந்த நாட்டில், அதன் மிகப் பிரசித்தமான சிகிச்சை ஊசியின் துணையின்றி நடந்திருக்கிறது! தையல் அங்கே அவருக்கு ஏன் தேவைப்படவில்லை என்றால், எப்போது தைக்கலாம் என்பதை அறிந்தவன் எப்போது தைக்கவேண்டாம் என்பதையும் அறிவான் என்பதுதான் எனக்குத் தோன்றும் சமாதானம். ஏடு படித்தவர்களிடம் ஏடு இருந்தது. வித்தையோ மண் பிசைந்த கைக்கு இறங்கி, அங்கே ஏட்டின் துணையின்றி ஜீவித்திருந்தது.

இனித் தோலுக்கு வருவோம். ஓசூர், கிருஷ்ணகிரிச் சீமையில் தோல் தைப்பவரின் முக்கியமான வேலை செருப்பு என்று எண்ணுவது தவறு. பெரும்பாலான ஜனங்கள் வெறுங்காலோடு நடந்த காலத்தில் செருப்புக்கு என்ன தேவை இருந்திருக்கும்? அவர் கையை ஊர் முழுதும் எதிர்பார்த்தது கிணற்றடியில். கமலை என்றும் கவலை என்றும் கபிலை என்றும் ஊருக்கொரு விதமாக வழங்கும் ஏற்றத்தில், எருதுகள் சரிவில் இறங்க இறங்க மேலே எழும் சாலின் அடியில், தும்பி எனப்படும் தோற்குழாய் ஒன்று தொங்கும். சால் மேலேறும்போது மடிந்து நின்று நீரைத் தடுத்து வைப்பதும், வாய்க்காலின் தலையில் தானே நிமிர்ந்து நீரைக் கொட்டுவதும் அதுவே. அதன் மூட்டுத் தையல் ஒரு விரற்கடை பிரிந்தாலும், பாதி நீர் கிணற்றுக்கே திரும்பும், பயிர் வாடும். பதப்படுத்திய தோலை அளந்து வெட்டி, நூலுக்கு மெழுகேற்றி, குத்தூசியால் துளையிட்டு, இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் ஒரே துளைக்குள் செலுத்தி இறுக்கும் அந்தத் தையலை, ஆண்டு முழுதும் செப்பனிட்டு வந்தவருக்குக் கூலி, அறுவடையில் களத்துமேட்டில் அளந்து கொடுத்த தானியம். ஊருக்கே நீர் வார்த்த தையலைத் தைத்தவர், அதே கிணற்றில் நீர் மொண்டு குடிக்க அனுமதிக்கப்படவில்லை. இந்த வாக்கியத்தை மென்மையாக்கி எழுத எனக்குத் தெரியவில்லை.

இவ்விடத்தில் தையலின் நுட்பம் ஒன்றைச் சிறிது விரித்துரைக்கவேண்டும். ஏனெனில் மூன்று தொழில்களின் உறவு அதில்தான் தெளிவாகும். இழை ஒருநாள் அறுந்தே தீரும். அறுந்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே எண்ணித் தைப்பவனே தொழில் தெரிந்தவன். துணியில் ஓடு தையல் விரைவானது, ஆனால் ஓரிடத்தில் அறுந்தால் வரிசை முழுதும் உருவிக்கொண்டு வரும். சட்டைக்கு அதனால் பெருங்கேடு இல்லை. தோல் தைப்பவர் ஒவ்வொரு துளையிலும் இரண்டு இழைகளைச் செலுத்துவதால், தரையில் தேய்ந்து ஓர் இழை போனாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். வைத்தியரோ, புண்ணின் ஒரு பகுதி பழுத்தாலும் மறுபகுதி கூடிநிற்க வேண்டும் என்பதற்காக, அபாயமான இடங்களில் ஒவ்வொரு தையலையும் தனித்தனியே முடிந்து தனித்தனியே அறுக்கிறார்; சுசுருதரின் ருஜுக்ரந்தி அத்தகையது. தானிய மூட்டையின் வாயைத் தைக்கும் சங்கிலித் தையலில், சரியான முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் வாய் திறந்துகொள்வதைக் கிருஷ்ணகிரி மண்டிகளில் யாரும் காணலாம். அங்கே அவிழ்வதே குணம்.

துணி தைத்தவர்களின் கதை இத்தனை துயரமானதன்று. பெங்களூர்ச் சீமையைப் பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தான் சிவாஜியின் தந்தையாகிய ஷாஜிக்கு ஜாகீராக விட்டது முதல், இப்பக்கத்தில் மராட்டி பேசுவோர் பல தொழில்களில் அமர்ந்தனர். பண்டரிபுரத்துப் பக்தரும் தையற்குலத்தில் பிறந்தவருமாகிய நாமதேவரைத் தம் குலகுருவாகக் கொண்ட சிம்பியர்களும், உருது பேசும் முஸ்லிம்களும் கன்னட நாட்டின் தையற்றொழிலைப் பெரும்பாலும் தம் கையில் வைத்திருந்தனர். தமிழ், தெலுங்கு, கன்னடம், மராட்டி, உருது என்று ஐந்து மொழி வழங்கும் ஓசூர்ச் சந்தையில் அளவு நாடாவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

துணி தைப்பவரின் திண்ணைக்கு இயந்திரம் வந்த வரலாறு உலக வரலாறு. பிரான்சில் திமொன்னியே என்ற தையற்காரர் 1830இல் காப்புரிமை பெற்ற சங்கிலித் தையல் இயந்திரங்களை, தம் பிழைப்புப் போய்விடும் என்றஞ்சிய பாரிஸ் தையற்காரர்களே கூட்டமாகச் சென்று உடைத்தார்கள். 1846இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோ, மேலிழையும் கீழிழையும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையலுக்கு உரிமை பெற்றார். தோல் தைப்பவரின் ஈரிழைத் தத்துவத்துக்கு மிக நெருங்கியது அது. 1851இல் ஐசக் சிங்கர் அதைச் சீர்படுத்தினார். சில ஆண்டுகளில் அவருடைய கம்பெனி தவணை முறையில் விற்கவும் தொடங்கியது. ஏழைத் தையற்காரன் ஒரே தொகையாக வாங்க முடியாத பொருளை மாதாமாதம் கொடுத்து வாங்கலாம் என்ற அந்த ஏற்பாடு, இயந்திரத்தைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்றுகூடச் சொல்லலாம்.

இயந்திரங்களை அடியோடு வெறுத்தவர் என்று பெயரெடுத்த காந்தியடிகள், 1924இல் ராமசந்திரன் என்ற மாணவரோடு நடத்திய சம்பாஷணையில் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். தம் மனைவி கையால் தைத்துத் தைத்து வருந்துவதைக் கண்டு பொறாமல் சிங்கர் அதைச் செய்தார், அதன் பின்னே அன்பு இருக்கிறது என்பது அவர் கூறிய காரணம். சிங்கரின் இல்லற வரலாற்றை, பல மனைவியரும் இருபதுக்கு மேற்பட்ட மக்களுமாக விரிந்த அந்த வரலாற்றை, அறிந்தவர்கள் புன்னகைக்காமல் இருக்க முடியாது. ஆயினும் காரணம் பிழையானாலும் தீர்ப்பு பிழையன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, 1925இல் திருச்செங்கோட்டுக்கருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிக் கதரை வளர்த்தபோது, நூற்பதும் நெய்வதும் கையால் நடந்தன. அந்தக் கதரைச் சட்டையாக்கியது நாட்டின் பெரும்பாலான இடங்களில் சிங்கரின் இயந்திரமே. 1930களின் நடுவில் கல்கத்தாவில் உஷா இயந்திரம் பிறந்த பின்னர் அது அந்நிய இயந்திரம் என்ற நெருடலும் நீங்கிற்று. இன்று ஆதரவற்ற பெண்களுக்கு அரசாங்கம் இலவசமாகத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம், சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரால் நடந்து வருகிறது. காந்தியடிகள் அளித்த விலக்கை நம் சர்க்கார்கள் சட்டமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டன.

வைத்தியன் துணியில் பழகவேண்டும் என்ற பழைய விதி ஐரோப்பாவில் மீண்டும் தலைகாட்டியது ஒரு கொலையினால். 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரத்தில் குத்துண்டபோது, வயிற்றில் ஒரு பெரிய இரத்தக்குழாய் அறுபட்டிருந்தது; குழாயைக் கசிவின்றித் தைக்க அக்காலத்து வைத்தியர் ஒருவருக்கும் தெரியாமையால் அவர் இறந்தார். அந்நகரத்து இளம் வைத்தியர் அலெக்சிஸ் காரெல், இதை எண்ணி எண்ணி, இறுதியில் லெருதியே என்னும் பூவேலைக்காரப் பெண்மணியிடம் சென்று மெல்லிய ஊசியால் தைக்கக் கற்றார். அறுபட்ட வட்டமான குழாயின் விளிம்பில் மூன்று இடங்களில் தையலிட்டு இழுத்தால் வட்டம் முக்கோணமாகும், நேர்க்கோட்டில் தைப்பது எளிதாகும் என்று அவர் 1902இல் வெளியிட்ட முறை, பிற்காலத்தில் உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கெல்லாம் அடிப்படையாயிற்று. அவருக்கு 1912இல் நோபல் பரிசு கிடைத்தது. பூவேலைக்காரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

காரெல் பயன்படுத்திய இழை பட்டு. லியோன் பட்டுக்குப் பேர்போன நகரம் ஆதலின் அதில் வியப்பில்லை. சுவிட்சர்லாந்தில் கழலைச் சிகிச்சையில் கீர்த்தி பெற்று 1909இல் நோபல் பரிசு வாங்கிய தியோடோர் கோகரும் ஆட்டுக் குடலிழையை விட்டுப் பட்டிழைக்கே மாறியவர். இங்கே நம் சீமை மறுபடியும் கதைக்குள் வருகிறது. திப்பு சுல்தான் வங்காளத்திலிருந்து வருவித்து மைசூரில் ஊன்றிய பட்டுப்புழு வளர்ப்பு, தமிழகத்தில் மைசூரை ஒட்டிய எல்லைக் கிராமங்களிலேயே முதலில் வேர்கொண்டது. ஓசூர், தேன்கனிக்கோட்டைச் சுற்றுப்புறங்களின் குளிர்ச்சி புழுவுக்கும் முசுக்கட்டைச் செடிக்கும் உகந்ததாயிற்று. மத்தியப் பட்டு வாரியம் 1990இல், முசுக்கட்டை வகைகளையும் பட்டுப்புழு இனங்களையும் பாதுகாக்கும் மரபுவள மையத்தை ஓசூரிலேயே நிறுவியது. ஒரே கூட்டிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலும் இழுபடும் அந்த ஒற்றையிழை, பெரும்பாலும் புடவையாகிறது என்பது உண்மையே. ஆனால் பின்னி, மெழுகேற்றி, கிருமி நீக்கிய கரிய பட்டிழையாக அது மனிதத் தோலையும் மூடிவந்திருக்கிறது. உடலுக்குள் தைக்க உதவிய குடலிழையோ, தோல் பதனிடுவோனுக்குத் தோல் கொடுத்த அதே ஆட்டிலிருந்தும் மாட்டிலிருந்தும் வந்தது. அந்தத் தொழிலைத் தீட்டு என்று ஒதுங்கினவர்களின் வயிற்றுக்குள்ளும் அது தங்கிக் கரைந்திருக்கும். இப்போது செயற்கை இழைகள் அவ்விடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. காதில்லாத ஊசியின் அடியிலேயே இழையைப் பொருத்தி, இரட்டை இழை சதையைக் கிழிக்காதபடி செய்துவிட்டார்கள்.

1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. அதன்பின் லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஊரின் முகம் மாறியதை எல்லோரும் அறிவர். அந்த இரைச்சலில் ஊசியின் ஓசை யார் காதிலும் விழவில்லை. செக் நாட்டு ஜ்லின் நகரத்தில் 1894இல், கார்னோ குத்துண்ட அதே ஆண்டில், உடன்பிறந்தார் மூவர் தொடங்கிய பாட்டா நிறுவனம், தன் நூற்றாண்டாகிய 1994இல் ஓசூரில் காலணி ஆலை அமைத்தது. பர்கூர்ச் சிப்காட்டில் ஏற்றுமதிக்கான விளையாட்டுக் காலணிகள் உருவாகின்றன. அதே பர்கூர் துணி மொத்த வியாபாரத்தினால் குட்டி சூரத் என்று பெயர் பெற்றிருக்கிறது. மோட்டார் வண்டிகளின் இருக்கை உறைகளும் தையலே. எல்லைக்கு அப்பால் பெங்களூர் ஆயத்த ஆடை ஆலைகளும் தையலே. கிழக்கே ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில், காலணியின் மேல்தோலைத் துண்டுக் கணக்கில் கூலிக்கு வாங்கி வீட்டு வாசலில் அமர்ந்து கையால் தைக்கும் பெண்கள் இன்றும் உண்டு.

இவ்வாலைகளின் வரவால் நேர்ந்த மாறுதல் இருவகைப்பட்டது. எந்தக் குலத்தார் எதைத் தைப்பது என்ற பழைய கட்டு அங்கே தளர்ந்துவிட்டது. தோலைத் தொடுவதற்கு எல்லாச் சாதிப் பெண்களும் அடையாள அட்டை அணிந்து வரிசையில் நிற்கிறார்கள். இது சிறிய மாறுதலன்று. மறுபுறம், அளவெடுத்து, வெட்டி, தைத்து, அணிவித்துப் பார்த்துத் திருத்திய முழுத் தொழிலாளி மறைந்து, நாள் முழுதும் காலர் மட்டும், அல்லது கைமடிப்பு மட்டும் தைத்து, மணிக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுக்கும் தொழிலாளி வந்திருக்கிறார். வித்தை அவரிடமிருந்து இயந்திரத்துக்கும், இயந்திரத்திலிருந்து மேற்பார்வையாளரின் தாளுக்கும் இடம் பெயர்ந்துவிட்டது. காயத்தைத் தைப்பவரிடம் மட்டும் அது இன்னும் கையிலேயே இருக்கிறது.

முன்னர் ஒரே ஜில்லாவாக இருந்து 2004இல் பிரிந்த தருமபுரியில், சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடைப்பட்ட சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கைச் சொல்லாமல் விடக்கூடாது. அங்கே 1993 முதல் ஆதிவாசிகளுக்கு வைத்தியசாலை நடத்திவரும் ரெஜி, லலிதா தம்பதியரின் முயற்சியை ஒட்டி, லம்பாடிப் பெண்கள் தம் குலத்துப் பூவேலையை மீட்டெடுத்தனர். பொதியெருது ஓட்டி ஊர் ஊராகச் சென்ற முன்னோர் துணியில் போட்ட அந்தத் தையல்களைச் சில மூதாட்டிகள் மட்டுமே நினைவில் வைத்திருந்தார்கள். அவர்களிடமிருந்து இளம்பெண்கள் கற்று, போர்கை என்ற பெயரில் சங்கமாகக் கூடித் தைத்து விற்கிறார்கள். காயம் தைக்கும் ஊசியும் துணி தைக்கும் ஊசியும் ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றையொன்று மதித்து வாழ முடியும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எனக்குத் தெரிந்து இம்மாவட்டங்களில் இல்லை.

சிட்டிலிங்கியில் சமயத்துக்கு எட்டிப் பிடித்ததை ஓசூர்ச் சீமையில் நாம் தவறவிட்டுக்கொண்டிருக்கிறோம். மின்சார மோட்டார் வந்த பிறகு கபிலைக் கிணறுகள் தூர்ந்தன. தும்பியைத் தைத்த கைகளில் எஞ்சியவை மிகச் சில. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது நல்ல காரியம். அவற்றின் அருகே ஒரு தோல் தும்பியையும், ஒரு குத்தூசியையும், மூட்டித் தைத்த ஒரு குறும்பர் கம்பளியையும், காலால் மிதிக்கும் பழைய இயந்திரம் ஒன்றையும் வைக்க வேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படிப்பவர்களில் எவர் வீட்டுப் பரணிலாவது இவற்றுள் ஒன்று கிடக்குமானால், பழைய சாமான் வாங்குகிறவனிடம் எடைக்குப் போடுமுன், அதைத் தைத்தவர் பெயரையும் ஊரையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, அப்பொருளோடு சேர்த்துக் கொடுத்து உதவவேண்டும்.